லாபம் கடன் பக்கத்தில் உட்கார்ந்த கதை

போத்தனூர்
9-9-1959

சௌபாக்கியவதி செல்லாத்தாளுக்கு அப்பா ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சி மயிலாத்தாளும் எருமையும் சுகம், நால்வரில் எருமைதான் அதிக சுகம், ஏனென்றால் இந்த ஒரு மாதமாக இங்கே நடந்த கூத்தில் அதற்கு மட்டும்தான் சம்பந்தம் இல்லை. அங்கே கரக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதே போல் எருமைச் சுகமாக இருக்கச் சென்னிமலை ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன். கடுதாசி தடிமனாக இருக்கிறதே, யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிக் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்காதே கண்ணு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனது உன் அப்பனுடைய மானத்துக்கு மட்டும்தான், அதையும் பாதி மீட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் சில்லறைச் சேதிகளை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா விடமாட்டாள், பக்கத்திலேயே உட்கார்ந்து நான் எழுதுவதை மேற்பார்வை பார்க்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி தேவலை. நம் பருத்திக்கொட்டை புண்ணாக்கு மண்டியில் வியாபாரம் வழக்கம் போல, அதாவது வருகிறவர்கள் எல்லாரும் விலை கேட்கிறார்கள். உன் தம்பிதுரை மாமன் மீசைக்கு மை பூசிக்கொள்கிறான், அக்காள் புருசன் நான் கேட்டால் இல்லை என்கிறான், போன வாரம் மழையில் நனைந்து வந்தபோது தாடை வரைக்கும் மீசை இறங்கியிருந்தது. பெரிய சேதி என்னவென்றால் மயிலுக்கு வரன் வந்தது, வந்தது போயிற்று, போனது என்னால் போயிற்று, திரும்பி வந்ததும் என்னாலேதான் என்று நான் சொல்லிக்கொள்கிறேன், வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. விவரமாகச் சொல்கிறேன்.

ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் கந்தவடிவு மில் இருக்கிறதே, அதன் சங்கு ஊதினால்தானே நீ பள்ளிக்கூடத்துக்கு ஜடை பின்ன உட்காருவாய், அந்த மில்லின் மானேஜிங் டைரக்டர் ஈஸ்வரமூர்த்தி தன் மகனுக்கு நம் மயிலைக் கேட்டு உன் மாமன் மூலமாகச் சொல்லி அனுப்பினார். பையன் பெயர் குழந்தைவேலு, பி.காம். படித்துவிட்டு மில் ஆபீசில் கணக்குப் பார்க்கிறான். ஆடி மாதம் என்பதால் பெண் பார்க்க வரவில்லையாம், சும்மா புண்ணாக்கு விலை விசாரிக்கக் குடும்பத்தோடு வந்தார்கள். பையன் காப்பியைக் குடித்துவிட்டு மயிலைப் பார்த்து, சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை, காலேஜில் எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டான். கணக்கு என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவர்கள் போன பிறகு அவன் குடித்த டம்ளரை மயிலு தானே எடுத்துப்போய்க் கழுவினாள். நம் வீட்டில் அவள் கழுவிய முதல் டம்ளர் அது. உன் அம்மா என்னைப் பார்த்தாள், நான் டம்ளரைப் பார்த்தேன், முடிந்தது என்று நினைத்தோம். ஆவணி பிறந்ததும் நிச்சயத்துக்கு உப்புச்சர்க்கரை மாற்ற நாள் குறித்தாயிற்று. உனக்கு மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த உப்பு ஈரமாக இருந்தது என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாளே, அதே சடங்குதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் தபாலில் அந்த மில்லின் ஐந்தொகைப் புத்தகம் வந்து சேர்ந்தது, பாலன்ஸ் ஷீட் என்பார்கள். மில் ஆரம்பித்தபோது ஊர் ஊராக வந்து பங்கு விற்றார்களே, அப்போது நானும் நூறு ரூபாய் வீதம் இருபத்தைந்து பங்கு வாங்கினேன், அதனால் வருஷா வருஷம் எனக்கும் ஒன்று வரும். பன்னிரண்டு வருஷமாக அதை அம்மா அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் விரிப்பாள், நல்ல வழவழப்புக் காகிதம், எண்ணெய் இறங்காது. நானும் வருஷம் தவறாமல் பங்குதாரர் கூட்டத்துக்குப் போவேன், எதற்கு என்று உனக்குத் தெரியும், அந்த மில் போண்டா கோயமுத்தூர் ஜில்லாவிலேயே கிடையாது. இந்த வருஷம்தான் எனக்குப் புத்தி வந்தது. சம்பந்தி ஆகப்போகிறவருடைய ஆஸ்தியும் கடனும் அச்சடித்து, ஸ்டாம்பு ஒட்டி, வீடு தேடி வந்திருக்கிறது, ஜாதகம் பார்த்த நாம் இதைப் பார்க்க வேண்டாமா என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் எட்டாவது வரை இங்கிலீஷ் படித்தவன், இருபத்திரண்டு வருஷம் பேரேடு எழுதியவன், எனக்கா தெரியாது என்று நினைத்தேன். இடது பக்கம் தலைப்பில் லயபிலிட்டீஸ் என்று போட்டிருந்தது. அகராதியை எடுத்துப் பார்த்தேன், கடன், பொறுப்பு என்று இருந்தது. சரி, கொடுக்க வேண்டிய பக்கம். கீழே கூட்டுத்தொகையைப் பார்த்தேன் கண்ணு, எனக்குப் புரையேறிவிட்டது. முப்பத்தொரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். நம் மண்டியில் நான் கடலைக்காரருக்குத் தர வேண்டிய முந்நூறு ரூபாய்க்கே எனக்குத் தூக்கம் பிடிக்காது. மேலே போய் ஒவ்வொன்றாகப் படித்தால், பங்குப் பணம் பன்னிரண்டு லட்சம் கடன், ரிசர்வு என்று ஒதுக்கி வைத்தது ஆறரை லட்சம் கடன், அதைவிடக் கொடுமை, அந்த வருஷத்து லாபம் தொண்ணூற்றிரண்டாயிரம், அதுவும் கடன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. லாபத்தைக்கூடக் கடன் வாங்கித்தான் சம்பாதித்திருக்கிறான் மனுஷன் என்று முடிவு கட்டினேன். வலது பக்கம் சொத்து. நிலம், கட்டடம், மெஷின், பஞ்சு, நூல் எல்லாம் கூட்டினால் அதுவும் முப்பத்தொரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். நயா பைசாகூட முன்னே பின்னே இல்லை. எந்த ஊரில் ஒரு மனுஷனுக்குக் கடனும் சொத்தும் இப்படி அளந்து வைத்த மாதிரி இருக்கும், நம் மண்டிக் கணக்கு என்றைக்காவது ஒரு நாள் அப்படி நேரானதுண்டா, ஆகவே இது ஆபீசில் உட்கார்ந்து ஜோடித்த கணக்கு என்றும் கண்டுபிடித்தேன். முப்பத்தொன்றில் முப்பத்தொன்று போனால் மிச்சம் பூஜ்யம். பங்களா, கார், சங்கு எல்லாம் வெறும் சத்தம்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை, தம்பியிடம் மட்டும் சொன்னாள். உன் மாமனும் யாரிடமும் சொல்லவில்லை, அன்று சாயங்காலம் போத்தனூர் ஜங்ஷனில் நின்ற மூன்று ரயில்களைத் தவிர. ஏனுங்க, உப்புச்சர்க்கரையைத் தள்ளிப்போடுங்க, புள்ளைய முப்பத்தொரு லட்சம் கடனுக்குள்ள தள்ளிப்போட்டு நாம எப்படிங்க சோறு தின்கிறது என்று அம்மா அழுதாள். தள்ளிப்போட ஒரு காரணம் வேண்டுமே, வெள்ளகோவிலில் பங்காளி வீட்டில் ஒரு சாவு, தீட்டு என்று சொல்லி அனுப்பினோம். எந்தப் பங்காளி என்று கேட்டால் சொல்ல வேண்டுமே என்று காளிச்சாமிச் சித்தப்பனைச் சாகடித்தோம். அவர் தூரத்தில் இருக்கிறார், இந்தப் பக்கம் வந்தே நாலு வருஷம் ஆகிறது, வரமாட்டார் என்று ஒரு நம்பிக்கை. மறுவாரமே மெத்தைக்குக் கழிவுப்பஞ்சு வாங்க நேராகக் கந்தவடிவு மில்லுக்கே வந்து நின்றார் மனுஷன். நம் பங்காளி என்று தெரிந்ததும் ஈஸ்வரமூர்த்தி மரியாதையாக, தீட்டுக் கழிஞ்சுதுங்களா, யாருங்க தவறிப்போனது என்று கேட்டிருக்கிறார். யாரும் தவறலியேங்க என்றிருக்கிறார் இவர். காளிச்சாமீன்னு ஒருத்தருன்னாங்களே என்று அவர் இழுக்க, அது நானுங்க என்று சித்தப்பன் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மத்தியானம் அவரே நம் வீட்டு வாசலில் வந்து நின்று, பொங்கியண்ணா, என்னைய எரிச்சியா பொதைச்சியா, அதையாச்சும் சொல்லு, ஊட்டுல கேப்பாங்க என்றார். உன் அம்மா உள்ளே ஓடியவள் அவர் போகும்வரை வெளியே வரவில்லை. இலை போட்டு நானேதான் பரிமாறினேன், செத்தவர் இரண்டு தடவை ரசம் வாங்கிக்கொண்டார்.

சிரிக்காதே, மீதியைக் கேள். அன்றோடு மில் வீட்டிலிருந்து சேதி வருவது நின்றுபோயிற்று, வரன் போயிற்று. மயிலு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் இருந்த பழைய ஐந்தொகைகளை எல்லாம் உருவி எடுத்து மஞ்சள் தூளோடு என் முன்னால் பரப்பினாள். ஏனுங்கப்பா, பன்னண்டு வருசத்துலயும் ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானுங்க இருக்குது, ஒரு வருசம் ஜோடிக்கலாம், பன்னண்டு வருசமும் ஒருத்தர்கூடக் கேக்காம ஜோடிக்க முடியுமுங்களா, இதுல நமக்குத் தெரியாத வெவரம் என்னமோ இருக்குது என்றாள். எனக்கா தெரியாது என்றேன். அப்படீன்னா கூட்டத்துல எந்திரிச்சு நின்னு எல்லாரு முன்னாலயும் கேளுங்க, அவங்க பதில் சொல்ல முடியாம முழிச்சா நான் வேற பையனுக்குக் கழுத்தை நீட்டறேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன், ஆனா நீங்க கேக்காம போண்டாவத் தின்னுபோட்டு வந்தீங்கன்னா நான் யாருக்கும் கழுத்தை நீட்டமாட்டேன் என்றாள். கண் கலங்கவில்லை, குரல் உயரவில்லை. ஆனால் அந்த டம்ளரை அவள் மற்ற டம்ளர்களோடு சேர்க்காமல் மாடத்தில் தனியாக வைத்திருப்பதை நான் பார்த்தேன். ஐந்தொகையைப் புரட்டிக் கூட்டம் என்றைக்கு என்று பார்த்தேன்.

போன வெள்ளிக்கிழமை கூட்டம். பஞ்சுக் கிடங்கைக் கூட்டிப் பெருக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையில் ஈஸ்வரமூர்த்தி, பக்கத்தில் மதராஸிலிருந்து வந்த ஆடிட்டர், ஓரத்தில் காகிதக் கட்டோடு குழந்தைவேலு. வழக்கமாகத் தீர்மானத்தைப் படிப்பார்கள், நாங்கள் கை தூக்குவோம், தூக்கின கையோடு போண்டாவுக்குப் போவோம், மொத்தம் ஏழு நிமிஷம். இந்தத் தடவை கை தூக்கச் சொன்னபோது நான் ஆளையே தூக்கி நிறுத்தினேன். எனக்கு ஒரு சந்தேகமுங்க என்றேன். பின்னால் ஒருவர், என்னுங்க கவுண்டரே, போண்டா ஆறுதுங்க என்றார். லாபத்தைப் போயிக் கடன் பக்கத்துல எழுதிருக்கறீங்களே, அது ஏனுங்க, முப்பத்தொரு லட்சம் கடனுக்கு முப்பத்தொரு லட்சம் சொத்துன்னா மிச்சம் என்னுங்க என்று கேட்டுவிட்டேன். ஊரெல்லாம் ஓடின பேச்சு என்னிடம்தான் பிறந்தது என்று ஈஸ்வரமூர்த்திக்கு அந்த நிமிஷம் உறுதியாகிவிட்டது, முகம் செங்கல் மாதிரி ஆயிற்று. ஆடிட்டர் எழுந்து இங்கிலீஷில் ஆரம்பித்தார், பாதிப்பேர் போண்டாத் திசையைப் பார்த்தார்கள். அப்போது குழந்தைவேலு, நான் சொல்லட்டுங்களா என்று எழுந்தான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்குப் புரிந்ததென்றால் உனக்கும் புரியும். மாமா என்று கூப்பிடவில்லை, கவுண்டரே என்றும் கூப்பிடவில்லை, பங்குதாரர் அவர்களே என்றான், எனக்கு ஒரு அங்குலம் உயரம் கூடினது. கம்பெனீங்கறது எங்கப்பா இல்லீங்க, நானும் இல்லீங்க, அது தனி ஆளுங்க, பொறந்த அன்னைக்கு அந்த ஆளு கையில சல்லிக்காசு இல்லீங்க, நீங்கெல்லாம் பங்குப் பணம் குடுத்தீங்க, குடுத்தது அவன் கையில இருந்தாலும் பணம் உங்களுதுதானுங்க, அதனால அவன் கணக்குல அது உங்களுக்குத் தர வேண்டியது, லாபம் சம்பாதிச்சாலும் அதுவும் அவனுது இல்லீங்க, உங்களுக்கு இன்னும் பிரிச்சுக் குடுக்கல, அவ்வளவுதான், அதனால அதுவும் தர வேண்டிய பக்கம்தானுங்க வரும் என்றான். சரி, ரெண்டு பக்கமும் ஒண்ணா வர்றது எப்படி என்றேன். உங்க மண்டிக்கு நூறு மூட்டை கொட்டை வந்துச்சுன்னு வெச்சுக்குங்க, அறுபது மூட்டை உங்க காசுல வாங்குனது, நாப்பது மூட்டை கடனுக்கு வாங்குனது, ஆக எப்படி வந்துச்சுன்னு எழுதினாலும் நூறு, இப்ப கிடங்குல எத்தனை, கடனுக்கு எடுத்துட்டுப் போனவன்கிட்ட எத்தனைன்னு எழுதினாலும் அதே நூறு, இடது பக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லுது, வலது பக்கம் எங்க போயி நிக்குதுன்னு சொல்லுது, ரெண்டும் ஒரே பணமுங்க என்றான். இதுவும் மார்ச் முப்பத்தொண்ணு ஒரு நாள் சாயங்காலம் புடிச்ச போட்டோ மாதிரிதானுங்க, மறுநாளே ஆளு முகம் மாறியிருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னான்.

செல்லா, எனக்கு உச்சந்தலையில் யாரோ கதவைத் திறந்த மாதிரி இருந்தது. ஒரு மாதமாக அந்த மில் யார் யாருக்கோ கடன்பட்டிருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சைப் பரப்பினேனே, அந்தக் கடன் கொடுத்தவர்களில் ஒருவன் நான்தான். எனக்குத்தான் தர வேண்டும். ஆனாலும் சும்மா உட்கார்ந்தால் தோற்றுப்போனது போல் ஆகிவிடும் என்று, அப்ப வெளியாளுக்குத் தர வேண்டிய நெசக் கடன் எவ்வளவுங்க என்று ஒரு போடு போட்டேன். பாங்குக்கு எட்டு லட்சம், பஞ்சு வியாபாரிகளுக்கும் மத்தவங்களுக்கும் நாலு லட்சம் என்றான், புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. அதோடு விட்டிருக்கலாம். இன்னொண்ணும் சொல்லிப்போடறேனுங்க, வலது பக்கத்துல நூல் வாங்கினவங்ககிட்ட இருந்து வரவேண்டிய பாக்கீன்னு இருக்குதில்லீங்க, அதுல வந்துரும்னு நம்பறது நல்ல பாக்கி, வருமோ வராதோன்னு இருக்கறது சந்தேகப் பாக்கி, அப்படி நாப்பதாயிரம் சந்தேகத்துல இருக்குதுங்க, அதுல பாதி எங்க சொந்தக்காரங்களுக்குக் குடுத்தது என்றான். ஈஸ்வரமூர்த்தி மகனை முறைத்த முறைப்பில் ஆடிட்டர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். பையன் அசையவில்லை. பெற்றவர் முறைக்கும்போதே கூட்டத்தில் சந்தேகப் பாக்கியை மறைக்காமல் சொல்கிறவன் நாளைக்கு என் மகளிடம் எதை மறைக்கப்போகிறான், இவனை விட்டுவிட்டு நான் எங்கே போய் மாப்பிள்ளை தேடுவேன் என்று அங்கேயே நினைத்துவிட்டேன். அந்த நினைப்பில் போண்டாவைக்கூட மறந்தேன். நான்கு சாப்பிடுகிறவன் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

ஈஸ்வரமூர்த்தி தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் சட்னியைப் பார்த்துக்கொண்டே, தப்பு என் மேலதானுங்க, எனக்குப் படிக்கத் தெரியல, அதுக்கு ஊரையும் செத்துப்போனதா ஒரு பங்காளியையும் இழுத்துப்போட்டேன், புள்ளைங்க மேல அதை வெச்சுப்போடாதீங்க என்றேன். அவர் ஒரு போண்டாவைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார். பிறகு, பன்னண்டு வருசமா இந்தக் கூட்டத்துல காப்பிக்குச் சக்கரை பத்தலேன்னுதானுங்க கேட்டிருக்காங்க, கணக்கு கேட்ட மொத ஆளு நீங்கதான், எனக்குக் கோவம் போயிருச்சுங்க, ஆனா எங்க ஊட்டம்மாவுக்குப் போகல, கோயில்ல நாலு பேரு முன்னால இந்தக் கடன் பேச்சு அவ காதுல விழுந்திருக்குது, இனி உப்புச்சர்க்கரைன்னா பொண்ணு ஊட்டுல இருந்து வரட்டும், அதும் அந்தக் கவுண்டரு தானே சொமந்துட்டு வரட்டும்னு சொல்லிப்போட்டா என்றார். நம் பக்கத்தில் எங்கேயாவது பெண் வீட்டார் உப்புக் கொண்டுபோனதுண்டா. நான் சட்டென்று, எத்தனை மூட்டைங்க வேணும் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் சட்னி என் மேல் தெறித்தது.

இன்று காலை கொண்டுபோனேன். இரண்டு நாளாக உன் அம்மா உப்பை வெயிலில் காயப்போட்டு மூன்று தடவை சலித்தாள், நாம் மட்டும் ஈர உப்புக் கொடுத்தோம் என்று பேச்சு வரக்கூடாதாம். நான் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கடைவீதி வழியாக மில் பங்களாவுக்கு நடந்தேன், பின்னால் அம்மா, அதற்குப் பின்னால் உன் மாமன், ரோட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் அவன் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தான், இந்தத் தடவை சரியான விளக்கம். கூடவே காளிச்சாமிச் சித்தப்பன் வேறு, உயிரோடு இருக்கேன்னு ஒருக்கா எல்லாருக்கும் காட்டிப்போடறேன் என்று வெள்ளகோவிலில் இருந்து முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார். சம்பந்தியம்மாள் வாசலில் நின்று, வாங்க என்று சொல்லாமல் முதலில் கூடையில் கை விட்டு உப்பை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார். உப்பு நல்லாக் காஞ்சிருக்குதுங்க அம்மிணி என்று உன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் ஒரே கலகலப்பு. ஐப்பசிக் கடைசியில் முகூர்த்தம். திரும்பும்போது குழந்தைவேலு தன் சொந்த ஐந்தொகைப் பிரதியை, பென்சில் கோடு போட்டது, என்னிடம் கொடுத்து, ஊட்டுல படிக்கட்டுங்க என்றான். அதை நான் வீட்டுக்கு வந்து கொடுத்ததும் மயிலு தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். என் பிரதியை நானும் கையை விட்டு வைப்பதில்லை, ஆகவே அம்மாவுக்கு அஞ்சறைப்பெட்டிக்கு விரிக்க இந்த வருஷம் காகிதம் இல்லை.

எனக்கு வந்த பித்து இன்னும் இறங்கவில்லை. என் இருபத்தைந்து பங்குக்கு ரிசர்வு, லாபம் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் கணக்கு வருகிறது என்று நாலு தடவை பெருக்கிப் பார்த்துவிட்டேன், சாப்பாட்டு இலையிலும் பெருக்குகிறேன். மத்தியானம் நம் வீட்டுக்கே ஒரு ஐந்தொகை போட உட்கார்ந்தேன். கொடுக்க வேண்டிய பக்கத்தில் கடலைக்காரருக்கு முந்நூறு, காளிச்சாமிச் சித்தப்பனுக்கு ஒரு மன்னிப்பு. சொத்துப் பக்கத்தில் மண்டி, எருமை, என் பற்கள் முப்பத்திரண்டில் தேய்மானம் போக இருபத்தாறு. உன் அம்மாவை எந்த விலைக்கு எழுதுவது என்று கேட்டேன், அதுக்கு உங்க புஸ்தகத்துல எடம் பத்தாதுங்க என்றாள். கடைசியில் வரவேண்டியது என்று எழுதி உன் பெயரைப் போட்டேன். இரண்டு வருஷம் நாலு மாதம் ஆயிற்று நீ வந்து. போன பொங்கலுக்கு வாரேன் என்றாய், குழந்தைக்கு அம்மை. சித்திரைக்கு வாரேன் என்றாய், மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. உன் பெயருக்கு எதிரில் நல்ல பாக்கி என்று எழுதுவதா சந்தேகப் பாக்கி என்று எழுதுவதா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். குழந்தைவேலு மாதிரி மறைக்காமல் எழுத வேண்டும் அல்லவா.

ஆகவே கண்ணு, ஐப்பசி பிறந்ததும் புறப்பட்டு வந்துவிடு. மாப்பிள்ளைக்கு ரயில்வே பாஸ் இருக்கிறது, காசும் ஆகாது. அக்கா வராமல் மணவறையில் உட்காரமாட்டேன் என்று மயிலு சொல்லிவிட்டாள், அவள் சொன்னால் செய்வாள் என்று மேலே படித்திருப்பாய். வரும்போது குழந்தைக்குக் கம்பளி எடுத்துவா, இங்கே அப்போது மழை பிடித்துக்கொள்ளும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் நிறைந்து வாழ வேண்டும், அதற்குச் சென்னிமலை ஆண்டவன் துணை.

இப்படிக்கு
உன் வரவை எழுதி வைத்திருக்கும் அப்பா
பொங்கியண்ணன்

பின்குறிப்பு: மேலே எழுதினதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பேனாவை என் கையிலிருந்து பிடுங்கி, உன் பெயருக்கு எதிரில் நல்ல பாக்கி என்று அவளே எழுதிவிட்டு, உனக்கென்று சலித்த உப்பில் ஒரு படி தனியாக எடுத்து வைக்கப் போய்விட்டாள்.